எழுத்தில் கொடுங்கள்

நீங்கள் தந்த தாளில் கோடு இல்லை, சேர். கோடில்லாத தாளில் எழுதினால் என் வரிகள் வலப்பக்கம் மேலே ஏறிப்போகும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி என் கையெழுத்து தெளிவாக இருக்கும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாலும், இந்த ஏழு வருடத்தில் நான் எழுதாமல் இருந்த நாட்கள் பதினொன்றுதான். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நேற்று பொலிஸ் ஸ்டேஷனில் நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் தலையை மட்டும் ஆட்டினேன். உங்களை மதிக்காமல் அல்ல. பழகாத ஆட்களின் முன்னால் எனக்குத் தொண்டை திறக்காது. "அவளுக்குப் பேச்சு வராது சேர், தாளக் குடுங்க, எழுதிக் குவிச்சிருவா" என்று என் அண்ணன் ஜூட் சொன்ன பிறகுதான் நீங்கள் இந்தத் தாள்களைத் தந்தீர்கள். அவன் அதைக் கேலியாகச் சொன்னான். ஆனாலும் அது உண்மை.

முதலில் ஜெசீகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கல்மேட்டு டிவிஷனில், மேல் லயத்து வீட்டு வரிசையின் மீது மலை இறங்கி ஒன்பது பேர் செத்துப்போனதற்கு, அவள் மூன்று நாள் முன்பு கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பேசிய பேச்சுத்தான் காரணம் என்று ஆட்கள் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது சரி. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே எல்லோரும் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கியிருப்பார்கள். உடுப்பு மூட்டைகளைக்கூடக் கட்டி வைத்திருந்தார்கள். ஆனால் ஜெசீகா செய்தது பேசியது மட்டும்தான். அவள் மீது குற்றமில்லை என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

நானும் ஜெசீகாவும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நான் பள்ளிக்கூடம் விட்ட கதை சின்னது. ஒரு தவணையில் ஆளுக்கு மூன்று நிமிடம் வகுப்பின் முன்னால் பேச வேண்டும் என்றார்கள். நான் எழுதிக் கொண்டுபோனதை டீச்சர் வாசித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். முன்னால் போய் நின்றேன். ஒரு சொல்லும் வரவில்லை. நாளைக்குப் பேசு என்றார். அடுத்த நாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் நின்றேன். நாலாவது நாள் டீச்சர் என்னைக் கூப்பிடவில்லை. ஐந்தாவது நாள் நான் போகவில்லை. வீட்டில் அண்ணியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டதால் யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை.

ஜெசீகா படித்து கெம்பஸ் போனாள். ஆங்கிலம் அவளுடைய சிறப்புப் பாடம். அதற்குள் எழுத்தும் சொல்வன்மையும் என்று ஒரு பகுதி இருந்தது. ஒவ்வொரு லீவுக்கும் அந்தக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு வருவாள். மேல் லயத்தில் நாலாவது காம்பரா அவர்களுடைய வீடு. அங்கே கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு எனக்கு வரிக்கு வரி விளக்குவாள்.

"ஒனக்குச் சொல்லிக் குடுத்தாத்தான்டி எனக்கே விளங்குது. சோதனை ஹோலுக்கும் நீ வந்து பக்கத்துல ஒக்காந்தா நல்லாருக்கும்."

நான் வீட்டுக்குப் போய் அகராதியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் என் கொப்பியில் இறக்கி வைப்பேன். ஒருவர் சொல்வதை மற்றவர்கள் நம்புவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பேசுகிறவர் யார் என்பது ஒன்று. கேட்கிறவர்களின் மனதில் ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்பது ஒன்று. நியாயம் மூன்றாவது. எதிர்ப்பக்கத்தின் பலமான வாதத்தை நீயே முதலில் சொல்லிவிட வேண்டும். எதைச் சொல்வது என்பதைப் போலவே எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் எழுதுகிறவரின் வேலை. இவற்றையெல்லாம் வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உங்களுக்கு விளக்குவது கஷ்டம். பல வருடமாக இருட்டில் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த சாமான்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது என்று தெரிந்ததுபோல இருந்தது.

இந்த வருடம் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சொந்த ஊர் ஆட்களின் முன்னால் உண்மையான ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும். கேட்டவர்கள் மனம் மாறினார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு பேச்சை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ஒவ்வொரு இடத்திலும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று விளக்கி எழுத வேண்டும். ஜெசீகா நவம்பர் லீவில் வந்து இதைச் சொன்னபோது மழை பிடித்து ஆறு நாளாகியிருந்தது.

"என் தமிழு கடுதாசித் தமிழுடி. சனத்துக்கிட்ட எடுபடாது. நீ எழுது, நா இங்கிலீசுல போட்டுக்கிறேன்" என்றாள்.

அந்த வியாழக்கிழமை பதுளையிலிருந்து அதிகாரிகள் வந்து மேல் லயத்திலும் கீழ் லயத்திலும் சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். மண்சரிவு அபாயம், எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஞாயிறு இரண்டு மணிக்குக் கிராம சேவகர் மடுவத்துக்கு வந்து கூட்டம் நடத்துவதாக இருந்தது.

இப்போது அந்தப் பதினொரு நாட்களைச் சொல்கிறேன். போன வருடமும் இதே மாதிரி நோட்டீஸ் வந்தது. எல்லோரும் இறங்கினோம். முப்பத்தாறு குடும்பம், ஒரு ஹோல். பாய்க்குப் பாய் இடைவெளி இல்லை. நான் கொப்பியைத் துணிமூட்டைக்குள் வைத்திருந்தேன். இரண்டாவது நாள் அண்ணி குழந்தையின் சட்டை தேடியபோது அதை எடுத்து, சும்மா பொழுதுபோக்காகச் சத்தமாக வாசித்தாள். நல்லம்மாக்கா கொழுந்துக் கூடையோடு நடந்து வருவதை நான் எழுதியிருந்த பக்கம் அது. கூடைக்குக் கால் முளைத்தமாதிரி இருக்கும் என்று எழுதியிருந்தேன். ஹோல் முழுக்கச் சிரித்தது. நல்லம்மாக்காதான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார்.

"ஏ புள்ள, எங்க எல்லாத்தையும் போட்டு எழுதி வச்சிருக்கியா? என் மூக்க எப்புடி எழுதிருக்க? ஏய், அடுத்த பக்கம் படிங்கடி."

அடுத்த பக்கமும் படித்தார்கள். அதில் ஒருவரும் கோபப்படவில்லை. கெட்ட எண்ணமும் இல்லை. அதற்குப் பிறகு எனக்கு எழுத்துக்காரி என்று பெயராகிவிட்டது. இன்னைக்கு எங்கள என்ன எழுதுன என்று தண்ணீர்ப் பீலியில் கேட்பார்கள். மீதி ஒன்பது நாளும், அதற்கு முன் இரண்டு நாளும், நான் ஒரு வரி எழுதவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன். யாராவது ஒருத்தரைப் பதினொரு நாள் மூச்சுவிடாமல் இருக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இந்த முறை எத்தனை நாள் என்று கேட்டபோது அதிகாரி, மாதக்கணக்கில் ஆகலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை நான் ஜெசீகா வீட்டுக்குப் போனேன். அவள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, "எறங்கச் சொல்லித்தானேடி பேசணும்?" என்றாள்.

"அத கிராம சேவகர் பேசுவாரு. ஒனக்கு அங்க என்ன வேல?"

"அப்ப?"

"எங்க எறங்குறதுன்னு கேளு. எத்தன நாளைக்குன்னு கேளு. எழுத்துல குடுங்கன்னு கேளு. கெம்பஸ் புள்ள கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும். எங்க அண்ணன் கேட்டா ஒக்காருடான்னுருவாங்க."

அவள் பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "ஞாயந்தான்" என்றாள். நான் அந்த மூன்று வழிகளையும் அவளிடமே முதலில் பயன்படுத்தினேன் என்பதை அவள் கவனிக்கவில்லை. அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தவள்.

அவளுடைய அம்மா நேசராணி அத்தை தேத்தண்ணியும் சீனியும் கொண்டுவந்து வைத்தார். "ரெண்டும் என்னடி குசுகுசுங்குறீங்க? கல்யாணப் பேச்சா?"

"மேடைப் பேச்சு, அத்தே" என்றேன். அத்தையின் முன்னால் எனக்குப் பேச்சு வரும்.

"நீ பேசப் போறியா? அப்ப மழ நின்னாப்புலதான்."

அத்தை நல்லவர். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் என்னை ஒரு நாள்கூட ஏன் என்று கேட்காத ஒரே ஆள் அவர்தான். அந்த ஒன்பது பேரில் அவரும் ஒருவர் என்பது உங்களுக்குத் தெரியும்.

பேச்சை அன்று மாலைக்குள் எழுதி முடித்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்று பார்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மடுவத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். தகரத்தில் மழை அடித்தது. கிராம சேவகர் நோட்டீஸை வாசித்தார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சிலர் மூட்டைகளைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அப்போது ஜெசீகா எழுந்தாள். நான் தராசு தொங்கும் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"மீரியபெத்தையில சனம் மண்ணுக்குள்ள போனத நா மறக்கல" என்று ஆரம்பித்தாள். "இங்க ஒருத்தரும் மறக்கல. மண்ணுக்கு எங்களவிட பயந்த சனம் இந்த நாட்டுல இல்ல. அதனாலதான் கேக்குறேன். போன வருசம் எறங்கச் சொன்னீங்க, எறங்குனோம். பதினொரு நாள் சீமெந்துத் தரையில புள்ளைகளப் போட்டுப் படுத்தோம். மல வரல. திரும்பி வந்தப்ப நல்லம்மாக்கா கோழி ஏழும் இல்ல, மூணாவது காம்பராக் கதவு இல்ல. இந்த வருசமும் எறங்கச் சொல்றீங்க. எறங்குறோம். எங்க வைக்கப் போறீங்க? எத்தன நாளைக்கு? வீடு கட்டக் காணி எங்க, எப்ப? அத எழுத்துல குடுங்க. குடுத்த நிமிசமே புள்ளைகளத் தூக்கிக்கிட்டு எறங்குறோம்."

இதில் எந்த வரி பொய் என்று நீங்கள் எனக்குக் காட்ட முடியாது. மீரியபெத்தையை முதலிலேயே சொன்னதற்குக் காரணம், அதை வேறு யாரும் பிறகு எடுத்து எங்களுக்கு எதிராக வைக்கக்கூடாது என்பதுதான். எழுத்துல குடுங்க என்ற சொல்லை நான் யோசித்துத்தான் எடுத்தேன். எங்கள் ஆட்கள் நாலு தலைமுறையாக வாய்ச் சொல்லை நம்பி ஏமாந்தவர்கள். வேலைக்குக் கூட்டி வந்தபோதும் வாயால்தான் சொன்னார்கள். எழுத்து என்றால் அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. கேட்கிறவர்களின் மனதில் ஏற்கெனவே கிடப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

கிராம சேவகர், "நான் எப்படி எழுத்தில குடுக்கிறது? அது மேல இருந்து வரவேணுமே" என்றார்.

"அப்ப மேல இருந்து வரட்டும்" என்றது ஒரு குரல். அது என் அண்ணன் ஜூட்.

"புள்ள சரியாத்தான சொல்லுது" என்றார் நல்லம்மாக்கா. "என் கோழிக்கு யாருங்க பொறுப்பு? இந்த வருசம் எட்டு நிக்குது. அதையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கிட்டு வரவா? எட்டும் எட்டாம் வகுப்புல ஒக்காரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். கிராம சேவகரும் சிரித்தார். சிரித்த கூட்டம் இனி இறங்காது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை ஒரு கடிதத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். ஆட்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஏறினார்கள். மேல் லயத்து இஸ்தோப்புத் திண்ணைகளில் முடிச்சுகளை அவிழ்ப்பதை நான் கீழே நின்று பார்த்தேன். நான் எழுதிய சொற்களுக்காக மனிதர்கள் கைகளால் ஒரு வேலையைச் செய்வதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அன்று கொப்பியில் பதினான்கு பக்கம் எழுதினேன்.

ஒன்றை நான் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அதைச் சொல்லாவிட்டால் ஜெசீகாவின் மீதுள்ள பழி முழுதாகப் போகாது.

மேல் லயத்துக்குப் பின்னால், தேயிலை மலையின் நடுவில், ஒரு வெடிப்பு இருந்தது. மழை பிடித்த இரண்டாம் நாள் விறகு பொறுக்கப் போனபோது அதைப் பார்த்தேன். என் அடிமட்டத்தை வைத்து அளந்தேன். மூன்று சென்டிமீற்றர். நான் பார்ப்பதை எல்லாம் எழுதுகிறவள் என்பதால் தினமும் போய் அளந்து எழுதினேன். வியாழக்கிழமை என் கை மணிக்கட்டுவரை போனது. அதிகாரிகள் வந்தபோது அந்தப் பக்கம் வரவில்லை. மழை பலமாக இருந்தது, அவர்கள் பாதையில் நின்றே பார்த்தார்கள்.

சனிக்கிழமை ஜெசீகா என் வீட்டுக்கு வந்தாள். முகம் சரியாக இல்லை.

"மேல மண்ணு வெடிச்சிருக்குன்னு எங்கம்மாக்கிட்ட யாரோ சொன்னாங்களாம். நெசமாடி? அப்புடின்னா நா பேசமாட்டேன். பாடமும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்த மழையில எனக்கு மலையேற வராது, நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. ஒன் கண்ண நம்புறேன்."

நான் போனேன். வெடிப்பின் ஓரத்தில் படுத்துக் கையை விட்டேன். முழங்கை தாண்டி, தோள்வரை போனது. அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எழுந்து சேற்றைக் கழுவிவிட்டு வந்து, "பழைய கான்டி. வெள்ளக்காரன் காலத்துல தண்ணி போக வெட்டுனது. மண்ணு மூடிக் கெடந்துருக்கு, மழையில தெறந்துக்கிச்சு" என்றேன்.

அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். சிரித்தாள். "நல்லவேள" என்றாள்.

பேச்சில் பொய் இல்லை என்று நான் எழுதியது இப்போதும் சரிதான். இது பேச்சில் இல்லை.

நீங்கள் எங்கள் வீடு கீழ் லயத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மண் எந்த வழியாக வரும் என்று நான் கணக்குப் பார்த்திருந்தேன். ஓடையைத் தாண்டாது என்று தோன்றியது. தாண்டவும் இல்லை.

புதன்கிழமை காலையில் மழை கொட்டியதால் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் வேலைக்குப் போக வேண்டியவர்களும் வீட்டில் இருந்தார்கள். ஜெசீகா ஆறரை பஸ்ஸில் பதுளைக்குப் போயிருந்தாள், மொழிபெயர்ப்பை றவூப் நானாவின் கடையில் ஸ்கேன் பண்ணி அனுப்புவதற்காக. ஏழு மணிபோல நான் குடையை எடுத்துக்கொண்டு ஓடைப் பாலத்தில் போய் நின்றேன். அங்கிருந்து மேல் லயமும் அதன் மேலே மலையும் ஒன்றாகத் தெரியும்.

தேயிலைச் செடிகள் நடந்தன, சேர். இதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை. ஒரு செடியும் சாயவில்லை. நிரை நிரையாக, நேராக நின்றபடியே, மெதுவாகக் கீழே நகர்ந்தன. வெடிப்பு வாய் திறந்து செம்மண் தெரிந்தது. பிறகு நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது. சத்தம் இன்னும் வரவில்லை.

நல்லம்மாக்கா கோழிகளுக்குச் சோறு போட வெளியே வந்தார். என்னைப் பார்த்துவிட்டார். "ஏ எழுத்துக்காரி, இந்த மழையில என்னாடி பாத்துக்கிட்டு நிக்குற?" என்று கேட்டார். அவருக்கு மலை முதுகுப் பக்கம்.

எனக்குச் சத்தம் வராது என்று நேற்று ஜூட் அண்ணன் உங்களிடம் சொன்னான். கேலிபோலச் சொன்னாலும், என்னைக் காப்பாற்றத்தான் அவன் அப்படிச் சொன்னான். ஆனால் கையை நீட்டிக் காட்டுவதற்குச் சத்தம் தேவையில்லை. இடது கை சும்மாதான் இருந்தது. செடிகள் நகரத் தொடங்கி, சத்தம் வரும்வரை இரண்டு நிமிடத்துக்கு மேல் இருந்திருக்கும். நாலாவது காம்பராவிலிருந்து நேசராணி அத்தை தலையை நீட்டி, நல்லம்மாக்காவிடம் எதையோ கேட்டுவிட்டு உள்ளே போனார். நான் காட்டி அவர்கள் ஓடியிருந்தால், மேல் லயத்தில் இருந்தவர்கள் தப்பியிருப்பார்கள். நான் அந்த நேரம், நடந்தன என்று எழுதுவதா நகர்ந்தன என்று எழுதுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அது நிஜமாகவே கஷ்டமான முடிவு.

பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கும்.

ஆகவே பழி முழுவதும் என்னுடையது. விஷயத்தைத் தெரிவு செய்தது நான். எழுதியது நான். வெடிப்பை மறைத்தது நான். ஜெசீகாவிடம் பொய் சொன்னது நான். பார்த்துக்கொண்டு நின்றது நான். இதன் கீழ் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். வீடு இல்லை, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

ஜெசீகா உங்களிடம், அந்தப் பேச்சைத் தானே எழுதியதாகவும் வேறு யாருக்கும் அதில் பங்கில்லை என்றும் சொன்னாளாம். அம்மாவைப் பறிகொடுத்தவள், அந்த நிலையிலும் உன்னைக் காட்டிக்கொடுக்காமல் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்று அண்ணன் அழுதான். அவனுக்கு இதெல்லாம் விளங்காது. நேற்று உங்கள் மேசையில் கிடந்த பத்திரிகையையும் பார்த்தேன். மாணவியின் உருக்கமான பேச்சு என்று போட்டு, நடுப்பகுதியைக் கட்டம் கட்டிப் பிரசுரித்திருக்கிறார்கள். அதில் ஒரு வரியை விட்டுவிட்டார்கள், கோழிகளைப் பற்றிய வரியை. அதை விட்டால் பேச்சு நிற்காது.

ஒன்பது பேரைப் பற்றி நீங்கள் எப்படி எழுதினாலும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவளுடைய வாக்குமூலத்தின் மூன்றாவது பக்கத்தில் "நான் எழுதிய பேச்சு" என்று இருக்கிறதாமே, அதை மட்டும் வெட்டிவிட்டு, என் முழுப் பெயரோடு, லூக்காஸ் புனிதமலர் எழுதிய பேச்சு என்று தெளிவாகப் போடுங்கள், சேர்.